அம்மருட்டில் எனக்குப் போர்த்திய பொன்னாடை

பொன்னாடை போர்த்துவதற்கு நம்மவர்களுக்கு நேரம் காலம் கிடையாது. ஆண்டு விழா, அரங்கேற்றம், யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெறுவது, எதற்கும் ஒரு பொன்னாடை உண்டு. பேசப் போகிறவருக்கு என்றால் பேச்சுக்கு முன்பே போர்த்திவிடுவார்கள். பேசி முடித்த பிறகுதான் என்று வைத்திருந்தால் பாதிப் பேருக்குக் கிடைக்காது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று நான் பலமுறை பகிடி விட்டிருக்கிறேன். எனக்கே ஒருநாள் போர்த்துவார்கள் என்று நினைத்திருந்தால் வாயைக் கொஞ்சம் அடக்கியிருப்பேன்.

ஒஸ்லோவில் ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கட்டடம் எந்த இடத்தில் வரலாம் என்று ஆராய்ந்து ஆலோசனை சொல்வது எங்கள் தொழில். நகர நடுவிலுள்ள ஒரு கல்லூரி, கூடைப்பந்துக்கென்று ஓர் உள்ளரங்கம் கட்ட விரும்பி எங்களிடம் வந்தது. பகலில் கல்லூரி மாணவர்கள் விளையாடுவார்கள், மாலையில் நகரத்துச் சிறுவர் கழகங்களுக்கு விடுவார்கள். கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று, கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டிக் கிடந்த வாகனத் தரிப்பிடம். மற்றது, நகரத்துக்கு வெளியே மேட்டுப் பக்கமுள்ள அம்மருட்டில், மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே, ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்த வெறும் நிலம்.

நான் வளர்ந்தது அம்மருட்டில்தான். கல்யாணம் முடித்ததும் நகரத்தின் மறுபக்கம் போய்விட்டேன். அக்கா போகவில்லை. நாங்கள் வளர்ந்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே, இன்றைக்கும் இருக்கிறாள். அவளுடைய மகள் அங்குள்ள பெண்கள் அணியில் விளையாடுகிறாள். அவர்களுக்கென்று ஒழுங்கான அரங்கம் இல்லை. பள்ளிக்கூடத்தின் பழைய உடற்பயிற்சி அறையில் பயிற்சி, போட்டி என்றால் யாராவது இரவல் தரும் இடத்தில். வயது ஏற ஏறப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். இந்த அரங்கம் வந்தால் அணி பிழைக்கும், வராவிட்டால் அடுத்த வருடம் இருக்காது என்று அக்கா அடித்துச் சொன்னாள்.

இந்த வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னபோது, "அப்ப இனிப் பயமில்லை" என்றாள்.

"அக்கா, நான் தனிய முடிவெடுக்கிறேல்லை."

"அது தெரியுமடா. ஆனா உள்ளுக்கை நீ இருக்கிறாயெல்லோ."

நான் சிரித்து மழுப்பினேன். இப்படியான நேரங்களில் நான் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அன்றைக்கே விளங்கப்படுத்தியிருக்கலாம். அவளுடைய குரலில் இருந்த பெருமை எனக்கு இனித்தது, விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் இதைப் பற்றிக் கதைக்க நாலு பேர் உட்கார்ந்தோம். எங்கள் தலைவி, பெர்கன் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞன், கணக்கு வழக்குப் பார்க்கும் ஒரு பெண், நான். நான் வளர்ந்த இடம், அக்கா இருக்கும் இடம் எல்லாவற்றையும் தலைவியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அது தடையே இல்லை, நல்லதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். கூட்டத்தில் பெர்கன்காரன்தான் அம்மருட்டுக்காக வாதாடினான். நகர நடுவில் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது, எப்போதும் அந்தப் பிள்ளைகளே ஏன் இறங்கி வர வேண்டும் என்று மேசையில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டான். அம்மருட்டில் அவன் ஒருநாள்கூட இருந்ததில்லை. அவனுடைய காது மடல் சிவந்திருந்தது.

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீ அங்கே வளர்ந்தவன். நீ என்ன நினைக்கிறாய்?"

அந்த அறையில் என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அங்கே யாரும் ஒரு குத்தல் வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு கேள்வி. தன் ஆட்களுக்காகப் பேசுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ? நினைக்காதவர்களை நினைக்க வைத்து, அதற்குப் பயந்து, நான் நேர்மையானவன் என்று காட்ட ஒரு வழி தேடினேன். வேறொருவன் என்றால் இரண்டு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்த்திருப்பான். நான் என் பக்கத்தை வெட்டினேன்.

"அம்மருட் பிள்ளைகள் ட்ரெயினில் வந்துபோகப் பழகியவர்கள்" என்றேன். "தூரம் அவர்களுக்குப் பெரிய தடையாக இருக்காது."

பெர்கன்காரன் என்னைப் பார்த்தான். கோபமில்லை, ஆச்சரியம்தான். "அப்படியென்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்குத் தெரியும்" என்று கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டான். தலைவி நன்றி சொன்னார். நகர நடுவிலுள்ள இடமே பொருத்தம் என்று எங்கள் ஆலோசனை அமைந்தது. மதியம் சாப்பிடும்போது அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார எனக்கு முகமில்லை.

அடுத்தது, அம்மருட் மக்களுக்கு முன்னால் போய் இதை விளக்க வேண்டும். இறுதி முடிவு கல்லூரியுடையது. அதற்கு முன் மக்கள் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் வைப்பது இங்கே வழக்கம். தலைவி விளக்கம் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தார். உன் ஊர் அல்லவா, உன்னை நம்புவார்கள் என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். ஈர ஜாக்கெட் மணம், பெரிய கோப்பிக் குடுவை, வாஃபல் தட்டுகள். அவற்றுக்குப் பக்கத்தில் எங்களவர்கள் ரோல்ஸும் பற்றிஸும் குவித்திருந்தார்கள். சோமாலியத் தாய்மார், பாகிஸ்தான் குடும்பங்கள், நோர்வே முதியவர்கள் என்று எல்லோரும் வந்திருந்தாலும் முன் வரிசைகளில் தமிழர்தான். அக்காவின் வேலை அது. அவளும் மகளும் முதல் வரிசையில் இருந்தார்கள். மகள் அணியின் சீருடையோடு வந்திருந்தாள்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். அப்போது பெற்றோர் சங்கத் தலைவர் எழுந்து ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். எங்கள் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர், என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர். முதலில் நோர்வே மொழியில் நன்றி சொன்னார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"இது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். இஞ்சை ஆறாம் மாடியில வளந்த எங்கட பிள்ளை. இண்டைக்கு எங்களுக்கு ஒரு ஹால் வருகுது எண்டால், அதுக்கு உள்ளுக்கை நிண்டு பாடுபடுறவர் இவர்தான்."

ஒரு பெண்மணி தாம்பாளத்தை நீட்ட, அவர் அதிலிருந்த மஞ்சள் பொன்னாடையை உதறி என் தோளில் போர்த்தினார். கை தட்டினார்கள். அக்கா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தகப்பன் கைபேசியோடு முன்னால் ஓடி வந்து, "சார், இந்தப் பக்கம் பாருங்க, ஒரே ஒரு போட்டோ" என்றார். பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன்.

தலைவி என் காதோரம் குனிந்து, "எவ்வளவு அழகாக இருக்கிறது. எதற்காக உனக்கு நன்றி சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"இது வழக்கம். பேசுவதற்கு முன்னால் செய்வார்கள்."

"அப்படியா" என்றார். அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க நான் துணியவில்லை.

பொன்னாடையைக் கழற்றுவதா, விடுவதா? கழற்றினால் அவமதிப்பு. போட்டுக்கொண்டே அவர்களுக்கு எதிரான ஆலோசனையை வாசித்தால் அதற்கு என்ன பெயர்? கழற்றவில்லை. நைலோன் சரிகை கழுத்தில் குத்த, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கல்லூரிக்கு அருகாமை, கட்டும் செலவு, அயலவருக்குச் சத்தம். ஒவ்வொரு படத்துக்கும் முன் வரிசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. கடைசிப் படத்தில் நான் சொன்ன வசனம் பெரிய எழுத்தில் இருந்தது. அம்மருட் பிள்ளைகள் ரயிலில் வந்துபோகப் பழகியவர்கள். அதையும் வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைக்கத்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு சோமாலியத் தாய் எழுந்தார். "எங்கள் பிள்ளைகள் பழகியவர்கள் என்று யார் உங்களுக்குச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவி பதில் சொல்லிவிட்டார். "இந்த இடத்தை நன்றாக அறிந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதினோம்." என்னைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னார், அல்லது அது அவருடைய வழக்கமான மரியாதையா, எனக்குத் தெரியாது. நான் தண்ணீர் குடித்தேன். எங்கள் வரிசைகளில் தலைகள் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன. யார் அந்த அறிந்தவர் என்று தேடினார்கள். பொன்னாடை போட்டவனை ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு மக்கள் பேசினார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். அக்கா பாலர் பள்ளியில் வேலை செய்பவள், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். அவளும் பேசினாள். அரங்கத்தை இங்கே கட்டினால் கூட்டுவதும் துடைப்பதும் கன்டீன் நடத்துவதும் எங்கள் டுக்னாட், கூலி இல்லாமல் நாங்களே சேர்ந்து செய்வோம் என்றாள். தலைவிகூடக் கை தட்டினார்.

முடிந்ததும் அக்கா ஒரு ரோல்ஸைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்தாள். "வெறும் வயித்தோட வந்திருப்பாய், தின்." நான் கடித்தேன். அவள் குரலைத் தணித்து, "ஆரடா உவங்களுக்கு உந்தக் கதையைச் சொன்ன மூதேவி? எங்கட ஆளோ?" என்று கேட்டாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தலையை ஆட்டினேன். அது ஆம் என்ற ஆட்டமா, இல்லை என்ற ஆட்டமா என்று அவள் கேட்கவில்லை. "வாசிக்கச் சொன்னதை வாசிக்கத்தானே வேணும், பாவம் நீ" என்று என் முதுகைத் தடவினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, "நான்தான் அந்த மூதேவி" என்று கத்த வேண்டும் போலிருந்தது. ரோல்ஸைத் தின்று முடித்தேன்.

கல்லூரி நகர நடுவையே தெரிவு செய்தது. அந்தச் செய்தி வந்த பிறகாவது அம்மருட்டில் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பாரம் குறையும் என்றுகூட நினைத்தேன். எங்கள் சனம் என்னைத் திட்டவில்லை. தங்களுக்குள்ளேயே ஒரு கதையைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கதையில் நான் தனியாளாக நின்று வெள்ளைக்காரர்களோடு மல்லுக்கட்டித் தோற்றவன். ஒரு பிறந்தநாள் விழாவில் சங்கத் தலைவர் என் இரண்டு கைகளையும் பிடித்தார். "மனம் தளராதையும் தம்பி. எங்களுக்காக நீர் உள்ளுக்கை எவ்வளவு கதைச்சிருப்பீர். வெளியில சொல்லேலாது, உம்மட வேலை அப்பிடி. எங்களுக்கு விளங்கும்."

நான் தலையைக் குனிந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்களவர்களில் ஒருவன் ஒரு பெரிய அறைக்குள் போய்விட்டால், அவன் அங்கே எங்களுக்காகத்தான் கதைப்பான் என்று நம்புகிறோம். வேறு விதமாக நினைக்க எங்களுக்கு வராது. என் தலைமுடி நரைத்ததுகூட அந்தச் சண்டையால்தான் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அணி கலையத் தொடங்கியது. பெரிய பிள்ளைகள் மூன்று பேர் நகரத்துக் கழகமொன்றில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அக்காவின் மகள் மட்டும் சேரவும் இல்லை, விடவும் இல்லை. ஒரு சனிக்கிழமை அவளுக்குச் சப்பாத்து வாங்க ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, உங்கட ஒபிஸ் மீட்டிங்கில நீங்கள் எங்களுக்காக என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்துக்குப் பிள்ளை இப்ப?"

"சும்மா. அம்மா சொல்லுறா நீங்கள் நல்லாக் கதைச்சனீங்களாம். என்ன சொன்னனீங்கள் எண்டு அவவுக்குத் தெரியாது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. காரில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உங்கட பள்ளிக்கூட ஜிம்மில கூரை பதிவு, உயரம் காணாது எண்டு சொன்னனான். பந்தை உயர எறிஞ்சால் விளக்கில படும். அதால நீங்கள் எல்லாரும் தட்டையா எறியப் பழகிப் போட்டியள். பெரிய ஹாலுக்குப் போனால் அந்த எறி வளையத்தின்ர முன்பக்கத்தில பட்டுத் திரும்பி வருது. நீங்கள் தோக்கிறது விளையாடத் தெரியாமல் இல்லை, பதிஞ்ச கூரைக்குக் கீழ வளந்ததால எண்டு சொன்னனான். அம்மருட் பிள்ளையள் ட்ரெயினில வந்துபோகப் பழகினவையள்தான், அது உண்மை. ஆனா அதே ட்ரெயின் மேலுக்கும் வருகுது. கல்லூரிப் பிள்ளையள் ஒருக்கா எங்கட பக்கம் ஏறி வரட்டும் எண்டு சொன்னனான்."

சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, அது நல்ல பேச்சு. பெர்கன்காரன் விரலால் தட்டிக்கொண்டிருந்த அந்த மேசையில் இதைச் சொல்லியிருந்தால் தலைவி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பார். அவள் என்னை நோக்கி முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண் பளபளத்தது.

"இவ்வளவு வடிவாச் சொல்லியும் அவையள் கேக்கேல்லையா மாமா?"

"இல்லை பிள்ளை."

 அவள் என் கையை மெல்லத் தட்டினாள்.

"பரவாயில்லை மாமா. நீங்கள் சொன்னனீங்கள்தானே."

நான் வீதியைப் பார்த்தபடி, ஓம் என்றேன்.