மூன்றாவது கூப்பாடு

போன வருஷம் ஆவணி மாதம், அக்கரப்பத்தனைக்கு மேலே, ஆள் இல்லாமல் கைவிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடந்தது இது. எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

கொழும்பில் இருக்கும் என் மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு பொழுதுபோக்கு. யாரோ ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, இடத்தைப் போனில் போட்டுவிடுவார்களாம். மற்றவர்கள் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பேரை எழுதி, திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டுமாம்.

"எடத்தத்தான் போனே சொல்லிருதே, அப்பறம் என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"கிட்ட போனதும் அது கைய விரிச்சிரும்மா. அங்கதான் வெளையாட்டே" என்றாள் மகள்.

"கெடச்சாலும் எடுத்துட்டு வர்றது இல்ல. நல்ல வெளையாட்டுதான் போ!"

வெள்ளைக்காரர் காலத்து இடங்களாகப் பார்த்து ஒரு பயணம் போட்டார்கள். என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். நானுஓயா ஸ்டேசன் பக்கத்து டப்பா சுலபமாகக் கிடைத்தது. கடைசி டப்பா இந்தத் தோட்டத்தில், இடிந்த பங்களாவில். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பார்த்துப் போகச் சொல்லிவிட்டு நான் வேனோடு நின்றுகொண்டேன். இருவரும் ரோட்டுக்கு மேலே படியேறிப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது. பக்கத்தில் நின்ற வேனையே கையால் தடவித்தான் பார்த்தேன்.

"அம்மா..."

மகள் குரலேதான். ஆனால் கீழேயிருந்து வந்தது. வழி தவறி இறங்கிவிட்டாளோ?

நாங்கள் கொழுந்து பறித்த காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. பனிமூட்டத்தில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் கொடுப்போம். மனுசர் அல்லாதது இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"அம்மா..."

இன்னும் கிட்டே. அழுகிற மாதிரி. வயிற்றுப் பிள்ளையோடு விழுந்து கிடக்கிறாளோ? பெற்றவள் நான், பதில் சொல்லாமல் நிற்கிறேன். மூன்றாவது கூப்பாடு வரவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வேனை விட்டுக் கீழ்ப்பக்கம் ஓர் அடி வைத்தேன்.

"அம்மா! கெடச்சிருச்சு!"

முதுகுக்குப் பின்னால், மேலேயிருந்து. படியில் இருவரும் இறங்கி வந்தார்கள்.

"ஏன்டி கீழ போன? ரெண்டு தரம் கூப்பிட்டியே!"

"நான் எங்கம்மா கீழ போனேன்? இப்பதான், ஒரே ஒரு தரம் கூப்பிட்டேன்."

"எதிரொலியா இருக்கும் மாமி" என்றார் மருமகன்.

"கூப்பிடுறதுக்கு முன்னாடியே வருமாக்கும் ஒங்க எதிரொலி!" என்று மகள் சிரித்தாள். பிறகு அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பனி விலகியது. நான் கால் வைத்த இடத்துக்கு முன்னால் மண்ணே இல்லை. மலை அப்படியே சரிந்து கிடந்தது. அடியில், புல் மூடிய மண்ணிலிருந்து தோட்டத்துச் சனங்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்தின் கூரைத் தகரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது என்கிறாள் மகள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனாலும் பனி இறங்கும் நாட்களில் எனக்குப் பயம் வருவதில்லை. அந்த மண்ணுக்கு அடியில் ஏதோ ஒரு பிள்ளை தன் அம்மாவைத் தேடிக் கூப்பிட்டிருந்தால், நானும் ஏன் என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.