ஐந்தாம் பள்ளத்துக் கொடி

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டிலிருந்து நான் கிழித்த தாள். ஒரு பக்கம் பெயர்களும் வருகைக் குறிகளும். மறுபக்கம் ஒன்பது புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். ஒன்றில் கிளம்பி எல்லாப் புள்ளிகளையும் ஒரே ஒரு முறை தொட்டு மறுபடி ஒன்றுக்கே வந்து சேரும் ஒரு பென்சில் கோடு. கீழ் மூலையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, வெடிமருந்து ஒட்டிய விரல். நான் எத்தனையோ வீடு மாறியிருக்கிறேன். கல்யாணப் போட்டோவே எங்கோ தொலைந்துவிட்டது. இது மட்டும் தொலையவில்லை. போகட்டும் என்று இரண்டு முறை பழைய பேப்பரோடு கட்டிப் போட்டேன். இரண்டு முறையும் நானே கட்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன்.

ரேகைக்குச் சொந்தக்காரர் வெடி மேஸ்திரி. எழுபதுகளின் தொடக்கம் அது. இன்று கார் தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கும் ஒரகடத்தைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கமாக, மொட்டைப் பாறையைச் சுற்றி ஒரு கல்குவாரி இருந்தது. பாறையின் அடியில் லாடம் போல வளைந்து ஒன்பது பள்ளங்கள். கணிதத்தில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறி ஓராண்டு சும்மா இருந்த எனக்கு அங்கே ஆள் வருகை எழுதும் குமாஸ்தா வேலை கிடைத்தது. ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று குவாரியில் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். மேஸ்திரி நேராகவே ‘பியெஸ்ஸி’ என்று கூப்பிடுவார். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. பாறையில் எங்கே குழி போட வேண்டும், எவ்வளவு மருந்து திணிக்க வேண்டும், திரி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். என்னிடம் அவருக்கு மரியாதையும் இல்லை, விரோதமும் இல்லை. வெயிலில் வேலை செய்யாதவன் என்ற இளக்காரம் மட்டும் கொஞ்சம் உண்டு.

தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு முதல் பள்ளத்தில் வெடி. கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், அதற்கு முன் ஒன்பது பள்ளத்து ஆட்களும் பாறை மறைவுக்குப் போயாக வேண்டும். மேஸ்திரி பதினொன்றே காலுக்கே கிளம்பிவிடுவார். பள்ளம் பள்ளமாக இறங்கி, ஆட்களை மறைவில் உட்கார வைத்து, தலைகளை எண்ணிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்கு நடப்பார். கடைசியில் முதல் பள்ளத்துக்குத் திரும்பி, “அறுவத்தி மூணு” என்று சத்தமாகச் சொல்வார். பிறகு சுத்தியல் சத்தம் எங்காவது கேட்கிறதா என்று காதில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். அதற்கப்புறம்தான் திரியில் நெருப்பு. “அறுபத்துமூவரா மேஸ்திரி? திருவிழாவே நடத்தலாம்” என்று ஒருநாள் சீண்டினேன். “உங்க சாமியாருங்க அறுவத்தி மூணு பேரு. எங்காளுங்க பன்னெண்டே பேருதான் பியெஸ்ஸி. அதுலயே ஒருத்தன் காட்டிக் குடுத்தான்” என்றார். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

தினமும் முக்கால் மணி நேரம் சுத்தியல்கள் சும்மா கிடப்பது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் புலம்பினார். அந்த வாரம் பார்த்து நான் சென்னையிலிருந்து ஒரு நூலகப் புத்தகம் கொண்டு வந்திருந்தேன். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம். அதில் ஒரு தேற்றம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஒவ்வொரு புள்ளியும் மொத்தப் புள்ளிகளில் பாதிக்குக் குறையாத மற்றப் புள்ளிகளோடு இணைந்திருந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே ஒரு முறை தொட்டுக் கிளம்பின இடத்துக்கே திரும்பும் ஒரு சுற்று கட்டாயம் இருக்கும். தேடிப் பார்க்கக்கூட வேண்டாம், இருந்தே தீரும். எந்தப் பள்ளத்து மேட்டில் நின்றால் எந்தெந்தப் பள்ளத்து மேடு தெரிகிறது என்று மூன்று நாள் வெயிலில் அலைந்து குறித்தேன். லாட வளைவு என்பதால் எதிர்ப்பக்கம் நன்றாகவே தெரிந்தது. மிகக் குறைவாகத் தெரிந்த இடத்திலிருந்துகூட ஐந்து பள்ளங்கள் தெரிந்தன. ஒன்பதில் பாதி நாலரை. கணக்கு முடிந்தது.

ஏற்பாடு எளிது. பள்ளத்துக்கு ஒரு மூங்கில், ஒரு சிவப்புத் துணி, ஒரு கொடிக்காரர். முதல் பள்ளத்தில் கொடி ஏறியதும், அதைப் பார்க்க வேண்டிய பள்ளத்துக்காரர் தன் ஆட்களை மறைவுக்கு அனுப்பிவிட்டுத் தன் கொடியை ஏற்றுவார். அவர் கொடியைப் பார்த்து இன்னொருவர். யாரும் நடக்க வேண்டாம், யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டாம். கடைசிக் கொடி ஏறினால் ஒன்பது பள்ளமும் காலி என்று அர்த்தம். வரைந்த தாளை மேஸ்திரியிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதுல நான் எங்க கீறேன்?”

ஒன்று என்று எழுதிய புள்ளியைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து, கோட்டின் மேலேயே மெதுவாக ஓட்டி, திரும்பவும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

“சரி. நீ எங்க?”

“நான் இதுல இல்ல மேஸ்திரி. நான் ஆபீஸ்தானே.”

“சுத்து திரும்பி வந்துடிச்சின்னு வெச்சிக்க. எல்லாரையும் தொட்டுகினுதான் வந்துச்சான்னு எவன் சொல்றது?”

“தொடாம வரவே முடியாது. அப்படித்தான் போட்டிருக்கேன்.”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுவாங்க. இதுல அளக்கறதுக்கு ஒண்ணுமில்லியே, பியெஸ்ஸி” என்று தாளின் மூலையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். ரேகை அப்போது பதிந்ததுதான். முதலாளி எனக்குக் கை கொடுத்தார். மேஸ்திரியின் முக்கால் மணி நேர நடை மறுநாளோடு நின்றது.

நான்கு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தினமும் பன்னிரண்டுக்கு நான் கைக்கடிகாரத்தோடு முதல் பள்ளத்துக்குப் போய் அவர் பக்கத்தில் நிற்பேன். பாறையைச் சுற்றி எங்களுக்குத் தெரிகிற மேடுகளில் ஒவ்வொன்றாகச் சிவப்பு முளைக்கும்; ஐந்து போல அங்கிருந்து தெரியாத மேடுகளுக்குக் கடைசிக் கொடிதான் சாட்சி. ஆறு, ஆறரை நிமிடத்தில் சுற்று முடிந்துவிடும். நான் எழுதிய வரியை யாரோ உரக்கப் படிப்பது போல எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் குவாரி என்பது காகிதம் அல்லவே. பள்ளம் தினமும் ஆழமாகிறது, உடைத்த ஜல்லி தினமும் மேடாகிறது. நேற்றுத் தெரிந்த மேடு இன்று தெரியாது. இது என் கண்ணில் படாமல் இல்லை. தாளைத் திருத்த வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அன்று எனக்குச் சென்னையில் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கான நேர்முகம். மூன்று மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு இருபது பஸ்ஸை விடக் கூடாது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சான்றிதழ் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி மேஸ்திரி பக்கத்தில் நின்றேன். வழக்கமாகப் பன்னிரண்டுக்கு நின்றுவிடும் கல் அரைக்கும் மெஷின் அன்று லாரிக்கு லோடு முடியாததால் ஓடிக்கொண்டிருந்தது. கொடிகள் ஏறின. கடைசிக் கொடியும் ஏறிவிட்டது. நாலரை நிமிடம்தான் ஆகியிருந்தது.

மேஸ்திரி நெருப்புப் பெட்டியை எடுக்கவில்லை. “இன்னா பியெஸ்ஸி, சீக்கிரமா வந்துடிச்சே?” என்றார். காதில் கையை வைத்தார். மெஷின் இரைச்சலில் என்ன கேட்கும்? “ஒரு நட போய்ப் பாத்துட்டு வந்துடட்டா?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “எல்லாரும் பழகிட்டாங்க மேஸ்திரி, அதான் வேகம். வைங்க” என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து ஆறு திரிகளிலும் நெருப்பு வைத்தார். இருவரும் மறைவுக்கு ஓடினோம். அப்போது மெஷின் நின்றது. நின்றதும் குவாரி முழுவதும் ஓர் அமைதி. அந்த அமைதிக்குள், ஐந்தாம் பள்ளத்திலிருந்து டக், டக், டக் என்று சுத்தியல் சத்தம். ஒன்றல்ல, ஏழெட்டுச் சுத்தியல்கள். நிதானமாக, அவசரமே இல்லாமல் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தெரிந்துகொண்டது இது. மூன்றாம் பள்ளத்துக் கொடியை ஐந்து பார்க்க வேண்டும், ஐந்தின் கொடியை எட்டு பார்க்க வேண்டும். அந்த வாரம் குவித்த ஜல்லி மேடு ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில் எழும்பிவிட்டது. ஐந்தாம் பள்ளத்தார் கொடிக்காகக் காத்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். எட்டாம் பள்ளத்துக் கொடிக்காரருக்கோ மூன்றின் கொடி நேராகவே தெரிந்தது. மூன்று ஏறிவிட்டது, ஐந்து எப்படியும் ஏறும் என்று, பசி நேரத்தில், தன்னுடையதை ஏற்றிவிட்டார். ஒவ்வொருவருக்கும் பாதிக்கு மேற்பட்ட கொடிகள் தெரியும் என்பதால்தான் என் சுற்று இருந்தது. அதே காரணத்தால்தான் அதில் குறுக்கு வழியும் இருந்தது. தேற்றத்தில் தவறில்லை. ஒரு சுற்று உண்டு என்றுதான் அது சொன்னது. திரும்பி வந்த சுற்று அதுதான் என்று சொல்லவில்லை.

ஆறு திரிகளையும் பிடுங்க நேரமில்லை என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைவிலிருந்து எழுந்து ஐந்தாம் பள்ளத்தை நோக்கி ஓடினார். “படுங்க! எல்லாம் கல்லுக்கு அடியில போங்க!” என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டே ஓடினார். நான் எழுந்திருக்கவில்லை. கக்கத்தில் இருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அதுதான் நினைவிருக்கிறது. அவர் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வெடித்தபோது உள்ளே ஏழு பேரும் பாறை இடுக்கில் படுத்திருந்தார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். அவர் விளிம்பிலேயே கிடந்தார்.

விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். கடைசிக் கொடி ஏறியதா என்றார். ஏறியது என்றேன். நெருப்பு வைத்தது யார்? மேஸ்திரி. ஆட்களை எண்ணினாரா? எண்ணவில்லை. ஒவ்வொரு பதிலும் உண்மை. நிரூபணம் எழுதுவது போல வரிக்கு வரி உண்மை. ‘வைங்க’ என்று யாராவது சொன்னார்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேஸ்திரியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். யானைக்கும் அடி சறுக்கும் என்று குவாரியில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மேஸ்திரியின் மனைவி ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “சார், வூட்ல சோத்துல கை வெக்கணும்னாக்கூட புள்ளைங்க எல்லாம் வந்துடிச்சான்னு எண்ணிட்டுதான் சார் வெப்பாரு. எண்ணாம நெருப்பு வெச்சிட்டாருன்னு எழுதிக்கீறாங்களாமே. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? இன்னாதான் சார் ஆச்சி?” என்று கேட்டார்.

“எனக்குச் சரியாத் தெரியலம்மா” என்றேன். அவர் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

மறு ஆண்டு எனக்கு இடம் கிடைத்தது. எந்தக் கணிதம் படிப்பது என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் முப்பது வருஷம் இதையேதான் செய்தேன், எல்லாப் புள்ளிகளையும் தொடும் சுற்றுகள். புள்ளிகளுக்கிடையே கண்ணை மூடிக்கொண்டு கோடுகளை வீசினால் எப்போது அப்படி ஒரு சுற்று உருவாகும் என்று ஒரு கேள்வி உண்டு. விடை தெரிந்த கேள்விதான். கடைசி வரை தடுத்துக்கொண்டிருப்பது பெரிய சிக்கல் எதுவும் அல்ல. எங்கோ ஒரு புள்ளி, போதுமான கோடுகள் வந்து சேராமல் ஒதுங்கிக் கிடக்கும். அதற்கு இரண்டாவது கோடு வந்து விழும்போதுதான் பெரும்பாலும் முழுச் சுற்றும் பிறக்கும். இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் காதில் சுத்தியல் சத்தம் கேட்கும். பின்னாளில், கோட்டுக்குப் பதிலாக மூன்று நான்கு புள்ளிகளை ஒரே கட்டாகக் கட்டும் அமைப்புகளுக்குப் போனேன். ஒரே ஊதலைப் பல பள்ளங்கள் ஒருசேரக் கேட்பது மாதிரி என்று வகுப்பில் உதாரணம் சொன்னேன். “பள்ளம்னா என்ன சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். சும்மா ஓர் உதாரணம் என்று சொல்லி அழித்துவிட்டேன்.

போன வருஷம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். போகிற வழியில் பாறையைத் தேடினேன், பாறையே இல்லை. பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நின்றது. நான் பேசிக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. தீ விபத்து ஒத்திகையாம். எல்லோரும் வெளியே வந்து வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் பெண் ஒருத்தி எண்ணினாள். “ஒரு ஆள் கொறையுது” என்றாள். இன்னொரு முறை எண்ணினாள். யாரோ ஒரு பையன் கழிவறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தான். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் மேஸ்திரி குடும்பம் இருந்த தெருவில் விசாரித்தேன். அந்த அம்மா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது என்றார்கள்.

இப்போது தாள் என் முன்னால் இருக்கிறது. நீ எங்கே என்று அவர் கேட்டதற்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றாம் புள்ளிக்குப் பக்கத்தில், ரேகைக்குக் கொஞ்சம் மேலே, பத்தாவதாக ஒரு புள்ளி. அதிலிருந்து ஒன்றுக்கு ஒரு சின்னக் கோடு. அன்று அந்தக் குவாரியில் செய்தி தவறாமல் போய்ச் சேர்ந்த கோடு அது ஒன்றுதான்.

அவராக எண்ணாமல் நெருப்பு வைக்கவில்லை, அம்மா. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் வைங்க என்றேன்.