தோற்ற மறுநாள் படகேறியவர்

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் பாலத்தில் ஏறும்போது, ரிக்கற் கிழிக்க வந்த நடத்துநர் குனிந்து சொன்னார்: "மாஸ்டர், ஊர்காவற்றுறை றீற்றா அக்கா விடியப்புறம் மோசம் போட்டாவாம். கேள்விப்பட்டனீங்களோ?"

அக்கா இறந்ததை நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பெண் "ஐயோ, எங்கட நேர்ஸ் அக்காவோ?" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் "எலக்சன் கேட்ட றீற்றாவோ?" என்றார். இரண்டு பேரும் ஒருவரைத்தான் சொன்னார்கள்.

ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் றீற்றா அக்கா. தாதியாகப் படித்து, தீவுப்பகுதியின் ஆஸ்பத்திரிகளிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றார். உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். சிலரைப் பிறந்தவுடன் கையில் ஏந்தியும் இருப்பார். ஓய்வுக்குப் பிறகு மாகாண சபைத் தேர்தலில் நின்றார். நானும் அவரோடு வீடு வீடாகத் திரிந்தேன்.

பழைய காலத்தில் பாராளுமன்றத்துக்குத் தீவுப்பகுதிக்கென்று ஒரு தொகுதி இருந்தது. தனி உறுப்பினர் இருந்தார். பிறகு தேர்தல் முறை மாறி, எங்கள் வாக்குகள் மாவட்டத்தின் மொத்த வாக்குகளோடு சேர்ந்துபோயின. போரும் இடப்பெயர்வும் வந்து, இங்கே சனமும் குறைந்துவிட்டது. பெரிய தொகுதிகளில், கட்சிப் பட்டியலுக்குள் தங்கள் பெயருக்கு விருப்பு வாக்குச் சேர்ப்பவர்களுக்குத் தீவுகள் கணக்கிலேயே இல்லை. "எங்களுக்கெண்டு கதைக்க ஓராள் வேணும்" என்பது மட்டுந்தான் அக்காவின் பிரசாரம்.

அக்காவின் கட்சிப் பட்டியலிலேயே நின்ற, யாழ்ப்பாணப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவரின் ஆட்கள், கடைசிக் கிழமையில் ஒரு கதையைப் பரப்பினார்கள். அக்காவின் பிள்ளைகள் இருவரும் பிரான்சில் இருக்கிறார்கள், விசா வந்துவிட்டது, வென்றாலும் தோற்றாலும் அவர் போய்விடுவார் என்பதே அந்தக் கதை. அதில் ஒரு துளி உண்மையும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்களில் அப்படிப் போகாத குடும்பம் ஏது? சனம் நம்பியது. அக்கா தோற்றார். கதையைப் பரப்பியவர்களின் ஆள் உறுப்பினரானார்.

முடிவு வந்த மறுநாள் காலை, ஆறுதல் சொல்லலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் குடையும் கையுமாக வாசல் படலையடியில் நின்றார்.

"எங்கையக்கா?"

"நெடுந்தீவுக்கு. வாறீரோ?"

"தோத்த கையோட அங்க போய் என்ன செய்யிறது?"

"வாக்குக் கேக்கப் போகேக்க அந்தச் சனம் எனக்குத் தங்கட கரைச்சலைச் சொன்னதெல்லோ. கேட்டுப்போட்டுப் பேசாமல் இருக்க ஏலுமோ?"

குறிகட்டுவான் துறையில் படகேறினோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது. நெடுந்தீவு இறங்குதுறையில் எங்களைக் கண்ட சிலர் வெட்கப்பட்டு மற்றப் பக்கம் பார்த்தார்கள். செல்வராணி என்ற பெண் மட்டும் நேரே வந்தார். "அக்கா, நான் உங்களுக்கு வாக்குப் போடேல்லை. நீங்கள் போயிடுவீங்கள் எண்டு சொல்லிச்சினம்."

"பரவாயில்லை பிள்ளை. மனுசன் எப்பிடி இருக்கிறார்? கிளினிக்குக்குப் போனவரே?"

செல்வராணி அழத் தொடங்கினார். கணவருக்குச் சிறுநீரக வருத்தம். காலைப் படகு குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர முன்னமே யாழ்ப்பாணப் பஸ் வெளிக்கிட்டுவிடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனால் கிளினிக்கில் நம்பர் கொடுத்து முடிந்திருக்கும். இரண்டு முறை போய்த் திரும்பியவர், இனி வரமாட்டேன் என்று பாயில் படுத்துவிட்டார். பஸ் கொஞ்ச நேரம் படகுக்காக நின்றால் போதும். இவ்வளவு சின்ன விஷயத்தை யாரிடம் சொல்வது என்று அந்தத் தீவில் எவருக்கும் தெரியவில்லை.

அக்கா அன்றைக்கே அந்தப் புது உறுப்பினரின் வீட்டுக்குப் போனார். நானும் வேண்டாவெறுப்பாகக் கூடப் போனேன். மாலைகளும் கூட்டமுமாக இருந்த அந்த வீட்டில், உறுப்பினர் எங்களைக் கண்டு திடுக்கிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி, வாழ்த்துகள். நீர் இப்ப எங்களுக்கும் மெம்பர். நாளைக்கு ஒருக்கா என்னோட நெடுந்தீவுக்கு வாரும்" என்றார் அக்கா.

அவர் மறுநாள் வரவில்லை. அக்கா மீண்டும் போனார். அதற்குப் பிறகும் போனார். கடைசியில் ஒரு நாள் மனிதர் வந்தார். சனம் போகும் படகிலேயே அக்கா அவரை ஏற்றினார். பாதிக் கடலில் வயிற்றைப் பிரட்டி அவர் சத்தி எடுத்தார். அக்கா அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லைத் தம்பி, மூச்சை ஆற இழுத்து விடும்" என்று முதுகைத் தடவினார். அந்த நேரம் அவர் முழுக்க முழுக்கத் தாதியாகத்தான் இருந்தார். செல்வராணியின் வீட்டில் அந்த மனிதர் வெறும் நிலத்தில் இருந்து கேட்டார். இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலைப் படகில் திரும்பியபோது, பஸ் போய்விட்டதையும் தன் கண்ணாலேயே கண்டார். அவர் உரியவர்களிடம் சொல்லி, சில கிழமைகளுக்குள் பஸ் படகுக்காகக் காத்து நிற்கத் தொடங்கியது. செல்வராணியின் கணவர் இன்றும் இருக்கிறார். அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்.

மாகாண சபையின் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் வராமலே ஆண்டுகள் போயின. கதைக்க ஒருவரும் இல்லாத அந்தக் காலத்தில்தான், தீவுப்பகுதித் தொகுதியின் வரலாற்றையும் பிரதிநிதிகளையும் எழுத வேண்டும் என்று அக்கா வெளிக்கிட்டார். "முந்தி ஆர் ஆர் எங்களுக்காகக் கதைச்சவை எண்டு தெரிஞ்சால்தான், இனி வாறவரிட்டை என்ன கேக்கலாம் எண்டு தெரியும்" என்றார். அவர் கேட்டுச் சொல்வார், நான் எழுதுவேன். நயினாதீவில் ஒரு வயதான ஐயர், "திருவிழாவுக்கு வந்து முன்னுக்கு நிக்கிறவர்தான் மெம்பர் எண்டு நாங்கள் கனகாலம் நினைச்சிருந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அக்கா அதையும் எழுதச் சொன்னார்.

நாங்கள் முரண்பட்டது கடைசி அத்தியாயத்தில். பஸ் விஷயத்தை அந்த உறுப்பினர் செய்த வேலையாக எழுதும்படி அக்கா சொன்னார்.

"செய்தது நீங்கள். அவர் உங்களைப் பற்றிப் பொய் பரப்பி வெண்டவர். அதை எழுதாமல் விட்டால் அது என்ன வரலாறு?" என்றேன்.

"அந்தக் கதையையும் எழுதும். மறைக்க வேண்டாம். ஆனால் பஸ்ஸுக்கு ஓம் எண்டவர் அவர்தானே. ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. வாறவை வாசிக்கேக்க, இப்பிடியும் ஒரு மெம்பர் செய்யலாம் எண்டு தெரியவேணும்."

"உங்கட பேர்?"

"நான் தோத்தனான் மாஸ்டர். இது பிரதிநிதிகளைப் பற்றின புத்தகமெல்லோ?"

இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன். பிறகு அவர் சொன்னபடியே எழுதினேன். புத்தகமும் அப்படியே வெளிவந்தது.

ஊர்காவற்றுறைக் கோயிலில் அக்காவின் இறுதிப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, அந்த முன்னாள் உறுப்பினர் மதிலோரம் தனியே நின்றார். "புத்தகத்தில என்னைப் பற்றி எழுதினது நீங்களோ?" என்று கேட்டார்.

"கை என்ரை. சொன்னது அக்கா."

"என்ரை ஆக்கள் சொல்லித் திரிஞ்ச கதை அவவுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அதுவும் அதுக்குள்ள இருக்கு."

அவர் தலையசைத்தார். சவப்பெட்டியைத் தூக்கும் இடத்துக்குப் போய், ஒருவரின் தோளைத் தட்டி விலக்கிவிட்டுத் தானே தோள் கொடுத்தார். அடக்கம் செய்யும் சேமக்காலை வரை தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

இதை எழுதும்போது ஒரு மத்தியானம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பிரசாரத்துக்காகப் புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு சின்னத் தெருவில் நடந்துகொண்டிருந்தோம். பூட்டிய வீடுகள், இடிந்த வீடுகள், வேலியை மூடி வளர்ந்த பற்றைகள். "இந்த ஒழுங்கையில ஆக்கள் இல்லையக்கா, திரும்புவம்" என்றேன். எனக்குக் கால் நொந்தது.

"தட்டிப் பாத்தனீரோ?" என்று கேட்டார் அக்கா.

அவர் ஒவ்வொரு படலையாகத் தட்டிக்கொண்டே போனார். கடைசி வீட்டில், நெடுநேரத்துக்குப் பிறகு, ஒரு கிழவர் சேட்டின் பொத்தானைப் பூட்டியபடி வெளியே வந்தார். எங்களை நம்ப முடியாதவர் போலப் பார்த்தார். "என்னட்டையோ வந்தனீங்கள்?" என்றார்.

"ஓம் ஐயா, உங்களிட்டைத்தான்" என்றார் றீற்றா அக்கா.

எழுத்தில் வைக்கக்கூடியதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பதிலை. இப்போது எந்த ஒழுங்கைக்குப் போனாலும் கடைசிப் படலைவரை போய்த் தட்டாமல் நான் திரும்புவதில்லை.