களம் வரைக்கும் வந்த பஸ்

எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வண்டி புறப்பட்டது, டயர் பஞ்சர், இன்று தாமதமாகும் என்பதெல்லாம்தான் அதில் வரும். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுநர் செல்வராசு அண்ணன் போட்டிருந்தார்: "நம்ம அமலோற்பவம் அக்கா தவறிட்டாங்க. நெஞ்சுவலி." திரும்பத் திரும்பப் படித்தும் மனசு ஏற்கவில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நன்னிலம் பக்கம் எங்கள் இருவருக்கும் ஒரே ஊர். திருவாரூர் வழியில் உள்ள தையல் கம்பெனியில், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் அவர் மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்து, "வேலை ஒண்ணும் கஷ்டமில்ல கலா. வீடு வந்து சேர்றதுதான் கஷ்டம்" என்றார்.

அன்று சாயங்காலமே புரிந்துவிட்டது. பஸ் மெயின்ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்கு வயல்களின் நடுவே விளக்கில்லாத சாலை. ஐப்பசி மழையில் வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாது. "பொம்பளப்புள்ள இருட்டுல நடந்து வர்ற வேலை வேணாம்" என்று ஏதாவது ஒரு வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாராவது ஒருத்தி இப்படி வேலையை விட்டு நின்றாள்.

பஸ் ஊருக்குள் வர வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான். "பஸ் திரும்ப இடமில்லம்மா" என்பார் மேலாளர்.

"அறுவடை நேரத்துல நெல்லு லாரியெல்லாம் வருது சார். களத்துலதான் திரும்பிப் போவுது."

"லாரி வேற, பஸ் வேற."

ஒரு கிறிஸ்துமஸுக்கு அக்கா அவரை வீட்டுக்கு அழைத்தார். "காரை மெயின்ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க சார், அங்கதானே கம்பெனி வண்டி நிக்கும்" என்றார். மேலாளர் சிரித்துக்கொண்டே காரில் வாசலில் வந்து இறங்கினார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்க்கத்தான் செய்தார்கள். பஸ் சீட்டுகளுக்குப் புது உறை போட்டார்கள். பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வைத்தார்கள். பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்க்க ஒரு செயலி கொடுத்தார்கள். அதை விளக்க வந்தவரிடம் அக்கா கேட்டார்: "பஸ் எங்க நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? மெயின்ரோட்டுலதான் நிக்குது." எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. முழங்கால் வலியோடு அன்றும் நடந்துதான் வந்தார்.

ஞாயிறு மாலை அடக்கம். சாவு வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஊருக்குள் ஹாரன் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தேன். எங்கள் கம்பெனி பஸ்! துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக நிர்வாகம் அனுப்பியிருந்தது. மெயின்ரோட்டில் நிற்காமல் நேரே உள்ளே வந்து, களத்தில் ஒரே வளைப்பில் திரும்பி நின்றது. மலர்வளையத்தோடு முதலில் இறங்கிய மேலாளர் சுற்றிலும் பார்த்தார். "பரவாயில்லையே செல்வராசு, இடம் தாராளமா இருக்கே!"

"இருக்கு சார். அக்கா சொல்லிக்கிட்டேதானே இருந்தாங்க" என்றார் செல்வராசு அண்ணன்.

அந்த மலர்வளையத்தைப் பிடுங்கி வாய்க்காலில் எறியலாம் போல இருந்தது எனக்கு. செத்தவருக்கு மரியாதை செய்ய வர முடிந்த பஸ், அவர் உயிரோடு இருந்தவரை ஏன் வரவில்லை? சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஊர்ப் பெண்கள் எல்லோரும் களத்தில் போய் நின்றோம். செல்வராசு அண்ணனுக்குப் போன் போட்டு, "நேத்து வந்த வழிதான், உள்ள வாங்கண்ணே" என்றேன். "ஆபீஸ்ல சொல்லாம நான் எப்படிம்மா வர்றது?" என்றார். போனில் அந்தச் செயலியைத் திறந்தேன். பஸ் மெயின்ரோட்டில் நின்றது.

அக்கா, போய் வாருங்கள். இன்றைக்கும் நடந்துதான் போனோம். ஆனால் களத்து மண்ணில் அந்தப் பஸ் திரும்பிய தடம் இன்னும் அழியவில்லை. இடமில்லை என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல முடியாது.