சாவடிக்கு வெளியே ஒரு தட்டச்சு மேசை

நீலாம்பாள் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்த முதல் நாளே தலைமை எழுத்தர் நாகநாதன் அவளுக்கு இடம் காட்டிவிட்டார். பத்துப் பேர் உட்காரும் கூடத்தில் அல்ல. பின்பக்கம் பழைய கோப்புக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்த அறையில்.

"மிஷின் சத்தம் எல்லாருக்கும் தொந்தரவு. நீ ரிக்கார்டு ரூம்ல போட்டுக்க."

அது 1972. நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு தெருவிலிருந்து, நடவுக்கும் அறுப்புக்கும் போகிற காளியம்மாளின் மகளாக, இருபத்திரண்டு வயதில் அரசாங்க வேலைக்கு வந்திருந்தாள். அந்தத் தெருவில் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்த முதல் ஆள் அவள்தான். மூலையோ முற்றமோ, ஒரு மேசை கிடைத்ததே என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து துரைராசு என்ற இன்னொரு தட்டச்சர் வந்தார். அவருக்குக் கூடத்திலேயே, நாகநாதனுக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். நாள் முழுக்க அவருடைய இயந்திரம் படபடத்தது. அந்தச் சத்தம் யாருக்கும் தொந்தரவாக இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்கக் கேட்க நீலாம்பாளின் விரல்கள் தடுமாறின. ஒரே பக்கத்தை மூன்று முறை அடித்துக் கிழித்தாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. சாதிப் பேரைச் சொல்லவில்லை. துரைராசுவைக் கூப்பிட்டால் 'தம்பி, வாங்க'. அவளை 'இந்தா, வா'. அவ்வளவுதான். அலுவலகச் சேவகர், டபேதார் கலந்தர் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுப்பார். அவளுக்கு மட்டும் ஒரு அலுமினிய லோட்டா.

"ஏன் பாய், எனக்கும் அதுலயே குடுத்தா என்ன?"

கலந்தர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "எட் கிளார்க் உத்தரவும்மா. என்னைக் கேக்காதீங்க."

மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோனாள். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, அவர்கள் விரும்பியதும் அதுதானே என்று. அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடி வைத்தாள். வீட்டில் சொன்னபோது காளியம்மாள் பயந்தாள். "அரசாங்க உத்தியோகம்டி. வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு."

சும்மா இருக்க முடியாதபடி அந்த அலுவலகத்தின் வேலையே அமைந்திருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற அரசு சட்டம் கொண்டுவந்திருந்தது. அதுவரை எல்லாம் மிராசுதாரின் வாய்ச்சொல்தான். பேர் ஏறிவிட்டால் நினைத்தபோது வெளியே தள்ள முடியாது. அதற்காகத் தாசில்தார் ஊர் ஊராகப் போய் விசாரிப்பார். கூடவே ஒரு தட்டச்சர் போய் வாக்குமூலத்தை அடித்துக் கையெழுத்து வாங்குவார். எப்போதும் துரைராசுதான் போனார். ஒரு முறை நீலாம்பாள் கேட்டதற்கு நாகநாதன் சிரித்தார். "பொம்பளப் புள்ள ஊரூராச் சுத்துறதா?" வயலுக்கு வயல் சுற்றித் தன் அம்மா நடவு நட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

1973 மார்கழியில் துரைராசுவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த வாரம் கீழக்கோரை என்ற ஊரில் நாற்பது பேருக்கு விசாரணை. நாகநாதன் ஒரு தாளை நீட்டினார்: விசாரணை பங்குனிக்குத் தள்ளிவைப்பு. அதை அடிக்க வேண்டியவள் அவளே.

அடித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் ஒரு குரல் கேட்டது. கீழக்கோரை மருதையன், ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்கிறவர்.

"பங்குனிக்கா? தையில அறுப்புங்க. அறுத்ததும் வயல்ல இறங்காதேன்னு மிராசுதார் சொல்லியாச்சு. அப்புறம் எந்த நெலத்துக்குங்க விசாரணை?"

"டைப்பிஸ்ட் இல்லய்யா. நான் என்ன செய்ய?" என்றார் நாகநாதன்.

நீலாம்பாளின் கை நின்றுவிட்டது. எழுந்து கதவு வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். பிறகு பாதி அடித்த தாளை உருவிக்கொண்டு, நாகநாதனைத் தாண்டி நேராகத் தாசில்தார் அறைக்குள் நுழைந்தாள். தாசில்தார் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது; அதுவரை வம்பு வேண்டாம் என்றிருந்தார்.

"சார், டைப்பிஸ்ட் இல்லைன்னு எழுதச் சொல்றாங்க. நான் இருக்கேனே?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விசாரணை சாவடியில நடக்கும்மா. சாவடி மிராசுதார் தெருவுல இருக்கு. உங்க தெரு ஆளுங்களை உள்ள விட மாட்டாங்க."

அவள் வேலைக்கு வந்த ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக ஒருவர் காரணத்தை வாய்விட்டுச் சொன்னார்.

"வாசல்ல உக்காந்து அடிக்கிறேன் சார். ஆனா விசாரணை நின்னா, எதனால நின்னுச்சுன்னு கலெக்டருக்கு மனுப் போகும்."

"யாரு போடுவா?"

"நான்தான் சார்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "ஜீப் எட்டு மணிக்கு," என்றார்.

கீழக்கோரையில் சாவடிக்கு வெளியே, புங்கமரத்தடியில் மேசை போட்டார்கள். உள்ளே தாசில்தாரும் மிராசுதாரும். உழுகிறவர்களும் வெளியேதான் நின்றார்கள். தாசில்தார் ஜன்னல் வழியாகக் கத்த, அவள் அடித்தாள். காற்றில் தாள் பறந்தது. கலந்தர் ஓடி ஓடிப் பிடித்தார். ஐந்து பேர் முடிவதற்குள் தாசில்தாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நாற்காலியை வெளியில கொண்டாய்யா!" என்றார். அவர் வெளியே வந்ததும் மிராசுதாரும் வர வேண்டியதாயிற்று.

மருதையன் முறை வந்தது. எத்தனை வருடமாகச் சாகுபடி, யார் யார் சாட்சி, எல்லாம் அடித்து நீட்டினாள். மிராசுதார் தாளைத் தொடவில்லை.

"இவ அடிச்ச காயிதத்துல நான் கையெழுத்துப் போடணுமா?"

தாசில்தார் தொண்டையைச் செருமினார், அதோடு சரி. நீலாம்பாளுக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றியது. தாளை மறுபடி இயந்திரத்தில் ஏற்றி ஒரு வரி அடித்தாள். உருவி உரக்கப் படித்தாள்.

"எதிர்மனுதாரர் நேரில் ஆஜராகிக் கையெழுத்திட மறுத்தார். காரணம், தட்டச்சு செய்தவரின்..."

"நிறுத்து!" என்றார் மிராசுதார். "வேற தாள் போடச் சொல்லுங்க." வேறு தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெயில் சாய்வதற்குள் நாற்பதும் முடிந்தது. ஜீப்பில் கலந்தர், "அசத்திட்டீங்கம்மா," என்றார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வாசலில் உட்காருகிறேன் என்று தானே ஏன் முந்திக்கொண்டு சொன்னோம் என்ற நினைப்பு வீடு வரை அரித்தது.

மாசியில் உத்தரவு வந்தது. முப்பத்திரண்டு பேரின் பெயர் ஏறியது, மருதையன் பெயரும். எட்டுப் பேருக்குச் சாட்சி போதவில்லை. அந்த எட்டு நிராகரிப்பையும் அவளே அடித்தாள்.

சித்திரையில் கலந்தர் மெதுவாக ஒரு செய்தி சொன்னார். அவளைப் பற்றி மேலிடத்துக்குப் போகும் ரகசியக் குறிப்பில் நாகநாதன் எழுதியிருந்தார்: 'கீழ்ப்படிதல் இல்லை. பெண்ணுக்குரிய அடக்கம் இல்லை.' வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. நீலாம்பாள் கலெக்டருக்கு மனு எழுதினாள். கூடத்து மேசை, லோட்டா, கீழக்கோரை, எல்லாவற்றையும் தேதியோடு. விடுப்புப் போட்டு மூன்று முறை தஞ்சாவூர் போனாள். ஒவ்வொரு முறையும் 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார்கள். தூக்கம் கெட்டது, கோயிலில் நிற்கும்போதுகூட மனுவின் அடுத்த வாக்கியம் மனசுக்குள் ஓடியது.

பதினான்கு மாதம் கழித்து அந்தக் குறிப்பை நீக்கி உத்தரவு வந்தது. நாகநாதன்தான் கையில் கொடுத்தார்.

"இப்பத் திருப்திதானே?"

"இதுக்குள்ள துரைராசுவுக்கு நிரந்தரமாயிடுச்சு சார். எனக்குப் பின்னாடி வந்தவர் எனக்கு முன்னாடி போயிட்டார். அதுக்கு எங்க எழுதணும்?"

அவள் வெளியே விசாரித்துக்கொண்டு வழக்குப் போட்டாள். அந்த வழக்கு ஆறு வருடம் இழுத்து, 1981-ல் தள்ளுபடியானது. அதற்குள் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மூன்று ஊர் மாற்றல். துரைராசு தாசில்தாராக ஓய்வு பெற்றார். அவள் 2008-ல் துணைத் தாசில்தாராக. பிரிவுபசாரத்தில் மாலை போட்டு, 'பொறுமையின் வடிவம்' என்று ஒருவர் புகழ்ந்தார்.

நீலாம்பாள் மைக்கை வாங்கி, "அது தப்புங்க," என்றாள். "நான் பொறுத்துக்கிட்டதே இல்லை."