கம்பு நுனிக்கு என்ன நிறம்

1. வந்த ஆர்டர்

உறையூரில் மூங்கில் தூண்டில் கம்புகளுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. வருகிறவர்கள் எல்லோரும், "மீன் மிரளாத கலரா போடுங்க" என்பார்கள். மீனிடம் யார் போய் விசாரித்தார்களோ! நானும் காப்பிக்கொட்டை நிறத்தில் போட்டுக் கொடுப்பேன்.

ரெஜினா டீச்சர் மட்டும் மாற்றிக் கேட்டார். "மீனுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லக்கா. எங்கப்பாவுக்கு நுனி தெரியணும்."

அப்பா சந்தியாகு சார், ஓய்வு பெற்ற வாத்தியார். பார்வை மங்கிவிட்டது, டாக்டர் கைவிரித்துவிட்டார். சுகரில் விரல்களும் மரத்துப்போனதால் மீன் கடிப்பது கைக்குத் தெரியாது. நுனி ஆடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

"தெரியலன்னா இனிமே முக்கொம்புக்கு மீன் பிடிக்க வரலங்கிறாரு. அதையும் விட்டுட்டா வீட்டை விட்டே எறங்க மாட்டாருக்கா."

எனக்குச் சங்கடமாக இருந்தது. எந்த நிறம் தெரியும் என்ற ஆவலும் தொற்றிக்கொண்டது.

2. பட்டறையில்

மூங்கில் தோலைச் சுரண்டாமல் சாயம் ஒட்டாது. மூன்று நுனிகளைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஏற்றினேன். சார் பட்டறைக்கு வந்து மூன்றையும் சரியாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

3. கரையில்

ஞாயிறு சாயங்காலம் அவர்களோடு நானும் முக்கொம்புக்குப் போனேன். நெளிவு எடுக்கத் தீயில் காட்டியபோது நுனி கருகிய கம்பு ஒன்று விற்காமல் கிடந்தது. அதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

எதிர்வெயிலில் தண்ணீர் தகடாக மின்னியது. சார் சிவப்பை நீட்டினார், அவருக்குத் தெரியவில்லை. மஞ்சளும் இல்லை. வெள்ளை என் கண்ணுக்கே தெரியவில்லை.

"போதும்மா, மூட்டை கட்டிருங்க" என்றார் சார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. நான் பாட்டுக்கு என் தூண்டிலைப் போட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உங்க நுனி ஆடுதே, பாக்கலையா?"

சார்தான். இழுத்தேன், ஜிலேபிக் கெண்டை. மின்னுகிற தண்ணீருக்கு முன்னால் அந்தக் கருகல் மட்டும் அவருக்குக் கோடு போட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. மீனை நான் கழற்றுவதற்குள் கம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நிறத்தைக் கம்பிலேயே தேடிக்கொண்டிருந்தேன்; பின்னால் இருந்த தண்ணீரைப் பார்க்கவே இல்லை. இப்போது யார் வந்தாலும், "எந்தக் கரையில, எந்நேரம் உக்காருவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாயச் சட்டியைத் தொடுகிறேன்.