அப்பா ஆடிய டி.வி. ஆட்டம்

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளை வேகவைப்பவர் அவர். சூளைச் சுவரிலுள்ள துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்து, போதும், போதாது என்று சொல்ல வேண்டும். கண் விஷயம் வெளியே தெரிந்தால் அன்றோடு அந்த வேலை போய்விடும்.

எழுபதுகள் முடியும் சமயம். பொங்கல் லீவுக்கு மெட்ராஸ் கல்லூரியிலிருந்து வந்திருந்தேன். முதலாளி வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து டி.வி.யும் அதோடு ஓர் ஆட்டப்பெட்டியும் வந்திருந்தன. வேடிக்கை பார்க்கக் கூடம் நிறைய ஆட்கள்; நானும் போயிருந்தேன். எங்கள் ஊர் விருத்தாசலத்தில் டி.வி.யில் படம் எதுவும் வராத காலம். ஆட்டம் மட்டும் தெரியும். கறுப்புத் திரையில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, நடுவே ஓடும் ஒரு புள்ளி. பெட்டியிலுள்ள குமிழைத் திருகிக் கோட்டை நகர்த்திப் புள்ளியைத் தட்ட வேண்டும். பட்டால் ‘டொக்’.

“என்னா காலேஜு, இத மாதிரி பாத்திருக்கியா?” என்றார் சின்ன முதலாளி. முதலாளியின் மகன், என் வயதுதான்.

உள்ளதைச் சொன்னேன். எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டரும் விளையாடும். ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும்; நாம் ஊகித்து ஓர் எண்ணை டைப் அடித்தால், அதைவிடப் பெரிது, சிறிது என்று காகிதத்தில் அடித்துத் தரும். “நாம எழுத்தத் தேடித் தேடி அடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குங்க.”

“காத்துக்கிட்டு இருந்தா அது ஆட்டமாடா? ரேஷன் கட.”

கூடமே சிரித்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனிச் சாவியைக் கொடுக்க அப்பா வந்தார்.

“யோவ், வா” என்றார் சின்ன முதலாளி. “மெட்ராஸ் மெசினுதான் ஒசத்தியாம், ஒம் புள்ள சொல்றான். நீ இத ஆடிட்டுச் சொல்லு.”

“எனக்கு வேணாங்க.”

“நான் ஆடுறேங்க” என்று குறுக்கே போனேன்.

“நீ ஒக்காருடா” என்று என்னை அடக்கினார் அவர்.

அப்பா தரையில் உட்கார்ந்து குமிழைப் பிடித்தார். திரையைப் பார்க்காமல் தலையைச் சாய்த்து, ‘டொக்’ கேட்டதும் திருப்பினார். அதற்குள் புள்ளி தாண்டிப் போயிருந்தது. மறுபடியும். மறுபடியும். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஓரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரிய முதலாளி மட்டும் அதை மடித்துவைத்தார். “ஒன் கோடு எங்க இருக்குது? தொட்டுக் காட்டு.”

அப்பாவின் விரல் பட்ட இடம் வெறும் கறுப்பு.

“அப்ப சூளைய எதப் பாத்துய்யா வேகவச்ச?”

“மூஞ்சில அடிக்கிற அனல வச்சுத்தாங்க. ஒரு பொம்மகூட வீணாப் போவலீங்களே.”

“ஒன் மூஞ்சிக்கா சம்பளம் குடுத்தேன்?”

கூடம் மறுபடி சிரித்தது. வீட்டுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்: “அந்த மெட்ராஸ் மெசினு எம்மா நேரம் காத்திருக்கும்?”

“எவ்வளவு நேரமானாலும்.”

“பரவால்லியே.”

மறுநாள் சூளையில் வேறு ஆள் நின்றார். அப்பாவை மண் மிதிக்க விட்டார்கள், பாதிக் கூலிக்கு. திட்டக்குடியிலிருந்தோ ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தோ விருந்தாளி வந்தால், அப்பாவின் ஆட்டத்தைக் காட்ட முதலாளி வீட்டிலிருந்து ஆள் அனுப்புவார்கள். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு அப்பா போய் டி.வி. முன்னால் உட்காருவார்.

“புள்ளி எங்க வருதுங்க?” என்று கேட்பார்.

“மேல, மேல” என்பார் சின்ன முதலாளி. அது கீழே போய்க்கொண்டிருக்கும்.